பரஞ்சோதி கடைப் பார்சல்கள்

"போன மாதத்தைவிட இந்த மாதம் விற்பனை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?"

இந்த ஒரே கேள்வியைக் காலையிலிருந்து கடை கடையாகக் கேட்டுவிட்டு, அந்தோணிதாஸ் பீடோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். சுங்கைப்பட்டாணியில் உள்ள ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்துக்காக மாதாமாதம் மலேசியாவின் கெடா மாநிலம் முழுக்க அவர் கேட்டுத் திரிவது இதைத்தான். பேரங்காடி, மளிகைக்கடை, துணிக்கடை, எண்ணெய் நிலையம், எதையும் விடுவதில்லை. தன் தலை நரைத்தது வயதால் அல்ல, இந்தக் கேள்வியால் என்பது அவருடைய கட்சி.

எதிரே ஷாமளா உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆனதால் களைப்பு என்றால் என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

"சார், ஆன்லைன் மறுபடியும் ஏறியிருக்கு. பேரங்காடியும் ஏறியிருக்கு. மொத்தக் கணக்குல நாடே கூடுதலாத்தான் செலவு பண்ணுது. சின்னக் கடைங்க மட்டும் ஏன் சார் இறங்குது?"

"சம்பளம் அதே சம்பளம்தானேம்மா. ஒரு பக்கம் ஏறினா இன்னொரு பக்கம் இறங்கித்தான் ஆகணும்."

அப்போதுதான் நளினி வந்தாள். சுங்கை லாலாங்கில் பரஞ்சோதியின் மளிகைக்கடையில் வேலை செய்பவள். புருஷனை இழந்தபின் பத்து வயது மகனை ஒண்டியாக வளர்க்கிறாள். பஸ் பிடித்து வந்திருந்தாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, உடனே அழுதுவிட்டாள்.

"தாஸ் அண்ணே, என்னைத் திருடிங்கிறாங்க."

எஸ்டேட் சந்துகளுக்குள் பார்சல் வண்டி போவதில்லை. ஆன்லைனில் வாங்கும் சாமான்களைப் பரஞ்சோதி கடையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அவற்றை வாங்கி ஓர் அலமாரித் தட்டில் அடுக்கி, ஆள் வந்ததும் எடுத்துக்கொடுப்பது நளினியின் வேலை. இந்த மாதம் மூன்று பார்சல்களைக் காணவில்லை என்றாள். மருதம்மாள் அக்காவின் பிரஷர் குக்கர், ஒருத்தருடைய சுடுநீர்ப் போத்தல், இன்னொருத்தருடைய சிலிப்பர். யார்மேல் சந்தேகம் வருமோ அவள்மேலேயே வந்தது. எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் மருதம்மாள் நளினியின் பெயரைச் சொல்லியே எழுதிவிட்டாள்.

"நாளைக்குப் போலிஸுக்குப் போறேன்னு சொல்றாங்க. பள்ளிக்கூடத்துல என் மகனைப் பார்சல் திருடி மகன்னு கூப்பிடறாங்களாம் அண்ணே. இன்னைக்குப் போக மாட்டேன்னு படுத்துக்கிட்டான்."

"பரஞ்சோதி என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமே சொல்லல. நல்லதும் சொல்லல, கெட்டதும் சொல்லல."

கோலா கெடாவில் ஒரு மீன் வியாபாரியின் காணாமற்போன தராசை அந்தோணிதாஸ் கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து இப்படி யாராவது வருவது வழக்கமாகிவிட்டது. அவர் பெருமூச்சு விட்டுக் கோப்பியைக் குடித்து முடித்தார்.

"எப்படியும் உங்க கடைக்கு வர வேண்டியவன்தான். வாங்க, காடியில போயிடலாம்" என்று கார்ச் சாவியை எடுத்தார்.

பரஞ்சோதியின் கடையில் விளக்குகளில் பாதிதான் எரிந்தது. மறுபாதி பழுதல்ல, சிக்கனம். குக்கர், குடை, போர்வை, கறுப்புப் பள்ளிச் சப்பாத்து என்று இல்லாத சாமான் இல்லை. வாங்கத்தான் ஆள் இல்லை. பரஞ்சோதி கல்லாவிலிருந்து எழுந்து ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தார். தைல வாசனை முன்னால் வந்தது.

"என்ன அண்ணே, காலு?"

"குளியலறையில வழுக்கிட்டேன் லா. கேளு உன் கேள்வியை."

"இந்த மாசம் எப்படி?"

"கீழதான். அரிசி, சீனி ஓடுது. மத்தது அப்படியே நிக்குது. குக்கர் பெட்டியில கை வச்சே ஒரு வருஷம் ஆச்சு, எழுதிக்கோ."

அந்தோணிதாஸ் எழுதிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். மேல் பரணில் அட்டைப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒட்டிய டேப்புகள் பழுத்து மஞ்சளாகித் தூசி படிந்து கிடந்தன. குக்கர் படம் போட்ட பெரிய பெட்டியின் டேப் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது.

ஷாமளாவும் பரணைப் பார்த்தாள். ஆனால் அவள் கண் கீழே கிடந்த முக்காலியில் நின்றது. "ஏறித் தேடிப் பார்க்கட்டுமா?" என்று காலைத் தூக்கி வைத்தாள்.

"ஏறாதீங்க!" என்று நளினி ஓடிவந்தாள். "அது கால் ஆடும். எங்க கடை அண்ணனே நான் பிடிச்சாத்தான் ஏறுவாரு."

அதற்குள் ஒரு பெண் உள்ளே வந்தாள். ஒரு குடையை எடுத்து விரித்துப் பார்த்தாள், விலை கேட்டாள், கைப்பேசியில் படம் எடுத்தாள். "வீட்டுல காட்டிட்டு வரேன் அண்ணே" என்று போய்விட்டாள். பரஞ்சோதி அந்தக் குடையை மெதுவாக மடித்து, துண்டால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க அந்தோணிதாஸுக்குச் சங்கடமாக இருந்தது.

"வருவாங்களா?" என்று கேட்டார்.

"பார்சல் வரும்" என்றார் பரஞ்சோதி.

பார்சல் கொண்டுவரும் திவாகரனைச் சாலையோர ஒட்டுக்கடையில் பிடித்தார்கள். இருபத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கறுத்துப்போயிருந்தான்.

"மூணு இல்ல சார், நாலு" என்றான் உடனே. "நாலாவது நளினி அக்கா பேருக்கே வந்தது. நான் எறக்கி வச்சப்ப அவங்க சாப்பிடப் போயிருந்தாங்க, கடைக்கார அண்ணன்தான் வாங்கினாரு. அப்புறம் அக்கா ரகசியமா என்கிட்ட, என் பார்சல் வரலியா தம்பின்னு கேட்டாங்க. குடுத்தாச்சேன்னேன். முகம் செத்துப் போச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க."

ஷாமளா அந்தோணிதாஸின் கையைச் சுரண்டினாள்.

"பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு வெளியில தெரியுமா, தம்பி?" என்று அவர் கேட்டார்.

"எங்க சார் தெரியும்? எல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக் சுத்தி வருது. ஒரே ஒரு பெட்டியிலதான் கைப்பேசிக் கடைப் பேரு பெருசா போட்டிருந்துச்சு. எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதற கிராணியோடது. குக்கர் காணாமப்போன அன்னைக்கு அதே தட்டுலதான் இருந்துச்சு. அது பத்திரமாப் போய்ச் சேர்ந்துடுச்சு."

"பணம்?"

"பொருள் வரலேன்னா பணத்தைத் திருப்பிடுவாங்க சார். மருதம்மா அக்கா மறுபடி அதே குக்கரை ஆன்லைன்லயே போட்டுட்டாங்க. நேத்துதான் குடுத்தேன்."

காடியில் ஏறியதும் ஷாமளா பொரிந்தாள். "நளினி மூணுன்னு பொய் சொல்லியிருக்காங்க சார்! நாலாவது அவங்களோடதையும் ஒளிச்சு வச்சா தன்மேல சந்தேகம் வராதுன்னு கணக்கு."

"சந்தேகம் வராம இருக்கணும்னா, என் பார்சலும் போச்சுன்னு ஊருக்கே சொல்லியிருப்பா. இவ மறைக்கிறாளே" என்றார் அந்தோணிதாஸ். "சாயங்காலம் மருதம்மாவைக் கடைக்கு வரச் சொல்லு. திவாகரனையும்."

மருதம்மாள் சண்டைக்குத் தயாராகவே வந்தாள். "பணம் திரும்பினா திருட்டு இல்லேன்னு ஆயிடுமா? நான் விட மாட்டேன் லா" என்றாள் வாசலிலேயே. திவாகரன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். நளினி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தாள். பரஞ்சோதி கல்லாவை விட்டு எழவில்லை.

அந்தோணிதாஸுக்கு இந்தப் பேச்சைப் பேசவே பிடிக்கவில்லை. ஆனாலும் பேசினார்.

"திருடன்னா முதல்ல கைப்பேசியை எடுப்பான். அதை விட்டுட்டு எடுத்ததெல்லாம் குக்கர், போத்தல், சிலிப்பர். மூணும் இந்தக் கடையிலேயே விக்கிற சாமான். கறுப்புப் பிளாஸ்டிக்குக்குள்ள அதுதான் இருக்குன்னு எடுத்தவருக்கு எப்படித் தெரியும்? மருதம்மா அக்கா, குக்கரை ஆன்லைன்ல போடறதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

மருதம்மாள் தயங்கினாள். "இங்க வந்து பார்த்தேன். கீழ வச்சிருந்ததைத் தூக்கிப் பார்த்தேன். வெலை கேட்டேன்..."

"படம் எடுத்தீங்க."

"எல்லாரும்தானே எடுக்கறாங்க?"

"எல்லாரும்தான். அதனால யார் எதைக் கேட்டுட்டு வாங்காமப் போனாங்கன்னு ஒருத்தருக்கு மட்டும் மனப்பாடமா தெரியும். கொஞ்ச நாள் கழிச்சு அதே பேருக்கு, அதே அளவுல ஒரு பார்சல் வந்தா, பிரிச்சுப் பார்க்க வேண்டியதே இல்ல."

"நளினியும்தானே சார் கடையில நிக்கிறாங்க, அவங்களுக்கும் தெரியுமே?" என்றாள் ஷாமளா.

"தெரியும். ஆனா முக்காலி ஆடினா பிடிக்க ஆள் இருக்கிறப்ப ஏறினவர் விழ மாட்டாரு." அந்தோணிதாஸ் பரணைக் கை காட்டினார். "ஒரு வருஷமா யாரும் தொடாத குக்கர் பெட்டியில புது டேப் ஒட்டியிருக்கு. நளினிக்குத் தெரியாம, தனியா ஏறி, பார்சலை உள்ள வச்சு ஒட்டியிருக்காரு. ஒரு தடவை விழுந்துமிருக்காரு. அண்ணே, வழுக்கினது குளியலறையில இல்லதானே?"

பரஞ்சோதி தன் முழங்காலைத் தடவினார்.

"நான் ஒண்ணையும் பிரிக்கல, தாஸ்" என்றார் கடைசியில். "சாமான் வரலேன்னா அவங்களுக்குக் காசு திரும்பிடும். காத்திருந்து அலுத்துப்போய் என்கிட்டயே வாங்குவாங்கன்னு நெனச்சேன். அவ்வளவுதான். என் கடைக்கு வந்து, என் சாமானைத் தொட்டுப் பார்த்து, வெலை கேட்டுட்டு, எங்கியோ இருக்கிறவன்கிட்ட வாங்கி, அதையும் என் கடையிலேயே வந்து எடுத்துக்கிட்டுப் போறாங்க. அதுக்கு நான் தட்டு போட்டுக் குடுக்கணும்."

"அக்கா மறுபடியும் ஆன்லைன்லதான் போட்டாங்க அண்ணே" என்றான் திவாகரன் மெதுவாக.

"தெரியும்பா. நேத்து நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

நளினி அரிசி மூட்டையைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"என்னைத் திருடின்னு சொன்னப்ப பக்கத்துலதானே அண்ணே இருந்தீங்க?"

பரஞ்சோதி அவளைப் பார்க்காமல் பேசினார். "நாலாவது பார்சல் உன்னோடது. ஒன் மகனை இங்கதானே உக்கார வச்சு அந்தச் சப்பாத்தைப் போட்டுப் பார்த்த? சரியா இருக்குன்னு சொன்ன. அப்புறம் ஒன் பேர்லயே பார்சல் வந்துச்சு. ஊர்க்காரங்க வாங்கினா பொறுத்துக்கலாம் நளினி. நீயுமா? அந்தக் கோவத்துலதான் வாயை மூடிக்கிட்டேன். கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே."

"அதான் கேக்கல" என்றாள் நளினி. "எனக்குச் சம்பளம் குடுக்க உங்க சங்கிலியைக் கொண்டுபோய் அடகு வச்சீங்களே, அது எனக்குத் தெரியாதா? உங்ககிட்ட எப்படிச் சும்மா வாங்கறது? வெலை குடுத்து வாங்க எனக்கு வழியில்ல. அங்க பாதி வெலை. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வாயத் திறக்கல."

ஷாமளா தலையைக் குனிந்துகொண்டாள். சின்னக் கடைகளைப் பற்றிக் காலையில் அவள் அவ்வளவு உற்சாகமாகக் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தேவைப்படவில்லை.

பரஞ்சோதி எழுந்து முக்காலியை இழுத்துப் போட்டார். நளினி ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஏறி, குக்கர் பெட்டியின் டேப்பைக் கிழித்து, நான்கு பார்சல்களையும் ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தார். ஒன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை.

"போலிஸெல்லாம் வேணாம் லா" என்றாள் மருதம்மாள். "நளினி, மனசுல வச்சுக்காதடி."

"வேற எங்க வைக்கிறது அக்கா?" என்றாள் நளினி. பிறகு பரஞ்சோதியிடம் திரும்பினாள். "குழுவுல நீங்க சொல்லணும் அண்ணே. உங்க வாயால. என் மகன் கேக்கணும்."

"எனக்கு அதுல எழுதத் தெரியாதே."

நளினி அவரிடமிருந்து கைப்பேசியை வாங்கி, எஸ்டேட் குழுவைத் திறந்து, குரல் பதிவுப் பொத்தானைத் தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் வாயருகே நீட்டினாள்.

"நான் பரஞ்சோதி பேசறேன். பார்சலுங்களை நளினி எடுக்கல. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் இங்கதான் இருக்கு, வந்து எடுத்துக்கோங்க."

விரலை எடுத்தாள். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கல்லாவில் வைத்தாள். அதன் பக்கத்தில் கடைச் சாவியையும் வைத்தாள்.

"நாளைக்கு யாரு கடையைத் திறக்கிறது?" என்று பரஞ்சோதி கேட்டார். அதட்டலாக ஆரம்பித்தது, முடிவதற்குள் கெஞ்சலாகிவிட்டது.

நளினி தன் பார்சலை எடுத்துக் கறுப்புப் பிளாஸ்டிக்கைக் கிழித்துச் சப்பாத்துகளை வெளியே எடுத்தாள். அலமாரியிலிருந்த அதே சப்பாத்து, அதே அளவு. மகனின் கால் இந்நேரம் வளர்ந்திருக்குமோ என்பதுபோல் உள்ளங்கையால் ஒருமுறை அளந்து பார்த்தாள்.

"காலையில நேரமாகும் அண்ணே" என்றாள் வாசலில் நின்று. "அவனைப் பள்ளிக்கூடத்துல நானே கொண்டுபோய் விட்டுட்டுத்தான் வருவேன். எல்லாரும் பார்க்கட்டும்."

சாவியை அவள் எடுக்கவில்லை.