சுவிட்ச் போட்டிருக்கிறதா?

நிலவின் மறுபக்கத்திலிருந்து பூமியோடு பேச, செய்தி கடத்தும் இடைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் ஒன்பது நிமிடங்கள்தான் உண்டு. அதுவும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. சுரங்கத் தொழிலாளி சவரிமுத்துவின் ஒலிப்பெட்டி இன்று அந்த நேரம் பார்த்து ஊமையாகிக் கிடந்தது. தூத்துக்குடியில் அவர் மகளுக்கு நாளை இதய அறுவை சிகிச்சை.

அவருடைய வீட்டுவேலை பார்க்கும் மனையந்திரம் நல்லதம்பி, நிலவிலேயே இருந்த உதவி மையத்தை அழைத்தது.

மையத்தில் பொற்கொடிக்கு அது பதினோராவது மணிநேரம். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு நிலவில் கிடைக்கும் வேலை. இப்போதெல்லாம் மனிதர்கள் அழைப்பதில்லை, எந்திரங்கள் அழைக்கின்றன. கேள்விகள் மட்டும் மாறவில்லை.

“பெட்டி சொருகியிருக்கிற பாயிண்ட்ல சுவிட்ச் போட்டிருக்கா, பாருங்க.”

“நொடிக்கு நாற்பது கோடி கணக்கு போடுதேன். என்கிட்ட இதைக் கேக்கியளா?”

“எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். ஒரு விளக்கை அதுல சொருகிப் பாருங்க.”

“தேவையில்ல. பெட்டிதான் போச்சு. வேற அனுப்புங்க.”

“வேற வர மூணு மாசம் ஆகும்.”

பின்னால் சவரிமுத்துவின் குரல் கேட்டது. “எல, இன்னும் எவ்வளவு இருக்கு?”

“நாலு நிமிஷம்.”

பொற்கொடி கண்ணைக் கசக்கினாள். சுவிட்சைப் பார்க்க மறுப்பவர்களுக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். மனிதர்கள் அழைத்த காலத்தில் பழகியது.

“சில பாயிண்ட்ல தூசி அடைச்சுக்கும். பிளக்கைக் கழற்றி, ஊதிட்டு, திரும்பச் சொருகுங்க.”

“ஊத எனக்கு மூச்சு ஏது?”

“துணியால துடைங்க.”

சக்கரங்கள் உருளும் ஓசை. பிறகு மெல்ல, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல், ஒரு ‘டக்’.

“அப்பா? அப்பா, கேக்குதா?” என்றது பெட்டி.

காலையில் பெருக்கி முடித்ததும் எல்லா சுவிட்சையும் அணைத்தது நல்லதம்பிதான். சவரிமுத்து சொல்லிக்கொடுத்த சிக்கனம்.

“என்ன கோளாறுன்னு எழுதிக்கட்டும்?” என்றாள் பொற்கொடி.

“ஒண்ணுமில்ல. தன்னால சரியாயிட்டு.”

படிவத்தின் தலைப்பில் அச்சிட்டிருந்தது: ‘மனையந்திரங்களால் பொய் சொல்ல இயலாது. அவை கூறும் காரணத்தை அப்படியே பதிக.’ அவள் அப்படியே பதிந்தாள். இன்றைய முறைப்பணியில் ‘தன்னால’ சரியான பத்தொன்பதாவது கோளாறு இது.

மையத்துடனான இணைப்பு இன்னும் திறந்திருந்தது.

“ஏம்ப்பா இவ்ளோ நேரம் கிடைக்கல? பயந்துட்டேன்.”

சவரிமுத்து சுவரிலிருந்த சுவிட்சைப் பார்த்தார். பிறகு நல்லதம்பியைப் பார்த்தார்.

“உங்க பக்கந்தாம்மா லைன் சரியில்ல” என்றார்.

நல்லதம்பி பக்கத்தில் நின்று கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.