பதில் நாக்கு

காலை ஒன்பது மணிக்கெல்லாம் அம்சவேணி, முகம் தெரியாத ஒருவனுடைய புதுக் காருக்காக வாந்தியெடுத்து முடித்திருந்தாள்.

எண்ணூர்க் கூடத்தில் இருநூறு பெண்கள், ஆளுக்கொரு வாளி. ஒவ்வொரு நாக்கின் அடியிலும் சுவையை இறக்கும் ஒரு தடச்சில்லு. ஒரு பொருளைச் செய்ய எந்த ஆறு நாறியதோ, எந்த மலை குடையப்பட்டதோ, அந்தச் சகதியின் சுவை வாங்கியவன் வாயில் இறங்க வேண்டும் என்பது உலகச் சட்டம். முதல் வருடம் பாதிக் கடைகள் மூடின. உடனே பணக்கார நாடுகள் சட்டத்தில் ஓட்டை போட்டன: ‘பதில் நாக்கு’ என்று சம்பளத்துக்கு ஆள் வைத்து, அவர்கள் நாக்கில் இறக்கிக்கொள்ளலாம். அனுபவிப்பவன் ஒருவன், குமட்டுவது இன்னொருத்தி. தூ! உலகத்து வாந்தியில் பாதி இந்தக் கரையோரக் கூடங்களில்தான். அந்த வாந்தியை அளந்துதான் பூமியின் சேதத்தைக் கணக்கிட்டு, யார் எவ்வளவு வாங்கலாம் என்று வரம்பு வைத்தார்கள்.

அம்சவேணிக்கு மூன்றாம் மாதம். ரத்தம் ஊறாவிட்டால் கரு தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதைத் தின்றாலும் வாளிக்குத்தான் போனது.

"இத்த வாயில அடக்கிக்க," என்று பக்கத்து நாற்காலி ரமீஜா ஒரு துண்டு உப்பு நார்த்தங்காயை நீட்டினாள். "மூணு புள்ளைக்கும் எனக்கு இதான் மருந்து."

சோறு தங்கியது. ஒரே வாரத்தில் கரையோரம் முழுக்க நார்த்தங்காய் பரவிவிட்டது.

அடுத்த மாதம் மேலாளர் டைட்டஸ் லட்டு டப்பாவோடு வந்தார். "உலகக் குமட்டல் அளவு பாதியா கொறஞ்சிருச்சு! பூமி தேறிருச்சாம். நுகர்வு வரம்ப ரெண்டு மடங்கா ஏத்திட்டாங்க. நாளைலேருந்து ஆளுக்கு ரெண்டு வாடிக்கையாளர்."

அம்சவேணி எழுந்து நின்றாள். "பூமி ஒண்ணும் தேறல சார். நாங்க நார்த்தங்கா அடக்கிக்கினு கீறோம்."

டைட்டஸின் முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு பிரகாசமானது. "அட, அது வேலை செய்யுதா?"

அன்றைக்கே தலைமையகத்துக்கு எழுதிப்போட்டார். பூமி தேறவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை.

இரண்டே வாரம். உலகத்துக் கூடங்கள் எல்லாவற்றுக்கும் நார்த்தங்காய் என்று உத்தரவு வந்தது. எங்கோ ஒரு தீவில் காட்டைக் கொளுத்தி நார்த்தைத் தோப்புப் போட்டார்கள். அந்தக் கொள்முதலின் சுவையையும் யாராவது ஏற்க வேண்டுமே? முதலில் சொன்னவள் என்ற மரியாதைக்கு, நிறுவனத்தின் பதில் நாக்காக அம்சவேணியையே போட்டிருந்தார்கள்.

கருகிய இறகும் வெந்த குஞ்சுகளின் கொழுப்பும் தொண்டையில் இறங்கின. வாயில் அடக்கிய துண்டு எகிறி விழுந்தது. காலையில் தின்ற முருங்கைக்கீரையும் முட்டையும் வாளியில் மிதந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

டைட்டஸ் மூக்கைப் பொத்தியபடி குனிந்தார். "இன்னொரு துண்டு வெச்சுக்கம்மா," என்றார்.