செவலை காது கொடுத்துக் கேட்டது

வீட்டில் எல்லோரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பிப்பான். தூக்கம் வந்தால்தான் நிறுத்துவான். அவன் தங்கையை வாண்டு என்பார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். பேச இடம் கிடைத்தால்தானே!

அந்த விடுமுறையில் இருவரும் ஒரு குதிரைப் பண்ணையில் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். அங்கே லாயத்தின் பொறுப்பு அவர்களுடைய அத்தைக்கு.

"சொந்தக்காரங்கன்னு சலுகையெல்லாம் கிடையாது. சாணி அள்ளணும், தண்ணி தூக்கணும், குதிரையைத் தேய்ச்சு விடணும். முடியுமா?" என்று கேட்டார் அத்தை.

"குதிரையெல்லாம் எனக்கு ஜுஜுபி, அத்தை!" என்றான் ரேடியோ.

ஆனால் தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் கொடுத்தாலே அவன் நழுவிவிடுவான். "பாவம், நீ சின்னப் பொண்ணு. சாணியை நான் அள்ளுறேன். நீ குதிரையைத் தேய்ச்சுக்கோ" என்பான்.

ஒருநாள் பக்கத்தில் நின்ற குதிரை தும்மியது. ரேடியோ ஒரே தாவாகத் தாவி வைக்கோல் போருக்குள் விழுந்தான்.

"வைக்கோல் காஞ்சிருக்கான்னு பார்த்தேன்" என்றான், தலையில் ஒட்டியதைத் தட்டிக்கொண்டே.

வாண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அண்ணனுக்குக் குதிரை என்றால் பயம் என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு புதுக் குதிரை வந்தது. செம்மண் நிறம். செவலை என்று கூப்பிட்டார்கள். அது கொட்டடியின் கடைசி மூலையில் போய் நின்றதுதான், நகரவே இல்லை. யாராவது கிட்டே போனால் காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு காலால் தரையை உதைத்தது. புல்லைத் தொடவில்லை. தண்ணீரையும் தொடவில்லை.

மறுநாள் காலையில் கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார்.

"புது இடம், மிரண்டு போயிருக்கு. குதிரை பட்டினி கிடந்தா வயித்து வலி வந்துடும்மா. அது உயிருக்கே ஆபத்து. சாயங்காலத்துக்குள்ள ஒரு வாயாவது சாப்பிடலைன்னா, மயக்க ஊசி போட்டு மூக்கு வழியா குழாய் விட்டுத்தான் தண்ணி கொடுக்கணும்" என்று அத்தையிடம் சொன்னார்.

வாண்டுவுக்கு மனசு கேட்கவில்லை. கதவுக்கு உள்பக்கம் இருந்த தொட்டியில் புதுப் புல்லைப் போட்டாள். "வாம்மா செவலை, வா" என்று கூப்பிட்டாள். செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது ரேடியோ சாணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "வாண்டு, நேத்து ஃபுட்பால்ல நான் அடிச்ச கோல் இருக்கே..." என்று ஆரம்பித்தான்.

செவலையின் ஒரு காது மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

அவன் வெளியே போனதும் காது பழையபடி மடங்கிக்கொண்டது. திரும்பி வந்து பேசினான். காதும் திரும்பியது!

"அண்ணா, இங்க உக்காந்து அந்தக் கோல் கதையை முழுசாச் சொல்லேன்" என்றாள் வாண்டு.

"இங்கயா?" ரேடியோவின் முகம் வெளிறியது. குரலைத் தாழ்த்தினான். "வாண்டு, எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு."

"தெரியும்."

"தெரியுமா! எப்பலேர்ந்து?"

"வைக்கோல்ல விழுந்தியே, அப்பலேர்ந்து."

"அத்தைகிட்ட சொல்லிட்டியா?"

"யார்கிட்டயும் சொல்லலை. செவலைக்கும் பயம்தாண்ணா. நீ பேசினா மட்டும் கேக்குது. கதவு பூட்டித்தான் இருக்கு. நீ அதைப் பார்க்க வேண்டாம், முதுகைக் காட்டி உக்காந்துக்கோ. நானும் பக்கத்துலயே இருக்கேன்."

ரேடியோ பெருமூச்சு விட்டான். அரைக்கதவை ஒட்டிக் கிடந்த வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தான். கோல் கதையைச் சொன்னான். கணக்கு டீச்சரின் கண்ணாடி தொலைந்த கதையைச் சொன்னான். பக்கத்து வீட்டு நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையையும் சொன்னான்.

செவலை ஓர் அடி வைத்தது. நின்றது. இன்னோர் அடி வைத்தது.

மொறுக், மொறுக்.

"வா... வாண்டு, பின்னாடி என்ன சத்தம்?"

"நிறுத்தாதே! சாப்பிடுது."

ரேடியோவின் கழுத்தில் சூடாக மூச்சுக் காற்று பட்டது. ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. "அ...அப்புறம், அந்த நாய் என்ன பண்ணிச்சு தெரியுமா..."

சாயங்காலம் ஊசிப் பெட்டியோடு வந்த மருத்துவரும் அத்தையும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். செவலை கதவுக்கு மேலே தலையை நீட்டி, அவன் தோளுக்கு மேல் புல்லை மென்றுகொண்டிருந்தது. அவன் சட்டை முழுக்கப் பச்சை எச்சில்.

"ஊசிக்கு வேலையில்லை" என்று மருத்துவர் சிரித்தார்.

"யாரோட யோசனைடா இது?" என்றார் அத்தை.

"வாண்டுதான், அத்தை. எனக்குப் பயம். ஓடிப் போயிருப்பேன்" என்றான் ரேடியோ.

"பயந்தவன் மாதிரியே தெரியலையே!" என்றார் அத்தை. செவலைக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனார்.

ரேடியோ எழுந்து திரும்பினான். வாண்டு அவன் கையைப் பிடித்து, செவலையின் மூக்கின் மேல் மெதுவாக வைத்தாள்.

"ஐயே, ஈரமா இருக்கு!" என்றான்.

"அது மூக்கு இல்லண்ணா. உன் கைதான் வேர்த்திருக்கு."

ஆனாலும் அவன் கையை எடுக்கவில்லை.