பொடி திரும்பிய வழி

கணினித் திரையில் ஒரு துகள் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தது.

துகளுக்கு ஏது கண் என்று ஆலோசகர் தம்மையே அதட்டிக்கொண்டார். அவருடைய பதவியை எழுதக் கதவுப் பலகையில் இரண்டு வரி தேவைப்பட்டது, வேலை ஒன்றுதான். பிளாஸ்மா என்னும் தீநாக்கு சீறும்போது பக்கத்துக் குழாயிலிருந்து உலோகப் பொடியை வாயு ஊதித் தள்ளும். பொடி தீயில் உருகி, எதிரே இருப்பதன்மேல் தோலாக அப்பிக்கொள்ளும். பட்டறையில் தெளிக்குமுன் அதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மெல்ல ஊதினால் பொடி தீக்குள் நுழையாது. வேகமாக ஊதினால் தீயைத் தாண்டிப் போய்விடும்.

மச்சான் கணினியில் போட்டிருந்த கணக்கில் காலையில் அந்த வேகத்தை இரட்டிப்பாக்கியவர் இவர்தான். தாமே சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்த பயல், இன்று கீழே அரங்கில் டைரக்டர்கள் முன் அதை ஓட்டிக் காட்டுகிறான். ஜெயித்தால் தலைமை நாற்காலி அவனுக்கு. அவன் மானம் போவதைத் தனியே ரசிக்க, இவர் அதன் நகலை இங்கே ஓடவிட்டிருந்தார்.

கைப்பேசியில் மனைவி.

"என் தம்பி பேசுறான், கீழ போகலையா?"

"வலிக்குது."

"தலையா, வயிறா?"

வயிறுதான். எரிந்தது. கீழே கைதட்டல் கேட்கக் கேட்க இன்னும் எரிந்தது.

திரையில் பொடி, அவர் திட்டப்படியே, தீயைத் தாண்டிப் போனது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பியது. தீயைவிடச் சூடான இடம் ஒன்றை மோப்பம் பிடித்ததுபோலத் திரையின் கண்ணாடியை நோக்கி வந்தது. ஏசி துவாரத்தில் ஒரு சீறல். பற்றவைத்த இரும்பின் வாசனை. பல்லுக்கிடையில் நறநறவென்று ஏதோ.

எழப் பார்த்தார். மடங்கிய முழங்கால் நிமிரவில்லை.

விரல்கள் சாம்பல் நிறத்தில் பளபளத்தன. கழுத்து. உதடு.

கத்தினார். சத்தம் உள்ளேயே நின்றது.

கதவு திறந்தது. மச்சான், காதில் கைப்பேசியோடு.

"ஜெயிச்சாச்சு அக்கா! எந்தப் புண்ணியவானோ வேகத்த மாத்தி வச்சிருந்தான், ஆரம்பிக்கும்போதே பாத்துச் சரி பண்ணிட்டேன். அத்தானக் காணோம். ஆனா அவர் சீட்ல அச்சு அசல் அவர மாதிரியே ஒரு சிலை! பூச்சப் பாரேன், இமை முடிகூட ஒவ்வொண்ணாத் தெரியுது. இவ்ளோ நேர்த்தியா என்னால தெளிக்கவே முடியாதுக்கா."

அந்த நிலையிலும் ஆலோசகருக்கு ஒரு கணம் வயிறு குளிர்ந்தது. ஒரே கணம்.

மச்சான் கன்னத்தில் தட்டினான். ணங். தோளில் தட்டினான். ணங். வயிற்றில் கை வைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"ஐயோ! வயிறு மட்டும் கொதிக்குதுக்கா. கண்ணுக்கு இன்னும் பூச்சு அடிக்கல போல, நிஜக் கண்ணு மாதிரியே..."

அவன் குனிந்து பார்த்தான். அவனுடைய தோளுக்கு மேலாக, திரையிலிருந்து புறப்பட்ட கடைசித் துகள்கள் அவசரமில்லாமல் அந்தக் கண்களை நோக்கி வந்துகொண்டிருந்தன.