திரை மூடியிருந்தது

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள்: அம்மா, மகன், மருமகள், அம்மாவின் தம்பி. மேஜை மேல் ஒரு சாம்பல் நிறக் கருவி. மருமகளின் வெள்ளைச் சட்டையில் சூடான டீ.

“கப்பு இங்க இருக்கு, நீங்க என் மேல ஊத்தறீங்க! வேணும்னே பண்றீங்களா அத்தை?”

“கை தவறிடுச்சும்மா...”

“தினமுமா தவறும்? பேசும்போதாவது என் மூஞ்சியப் பாருங்க! எப்பவும் வேற எங்கயோ பாத்துக்கிட்டு... நான் அவ்வளவு கேவலமா?”

அம்மா நேராகத் திரும்பிப் பார்த்தாள். மருமகளின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் தண்ணீர் தேங்கினாற்போல் ஒரு கறை. கொஞ்சம் தள்ளிக் காதோரம் பார்த்தால்தான் மூக்கும் வாயும் தெரியும்.

“கண்ணுல ஒண்ணும் இல்ல,” என்றான் மகன் மனைவியிடம். “நம்ம மெஷின்லயே தினமும் பாக்கறேனே. அம்மாவுக்குக் கவனம் இல்ல, அவ்வளவுதான்.”

வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கருவிகளைச் சோதிப்பது அவன் வேலை. குழாய்க்குள் ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். புள்ளிக்கோடு ஓடும். அது வளைந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். நல்ல கண்ணுக்கு அம்மாவைத்தான் அவன் அளவுகோலாக வைத்திருந்தான். இன்று அவன் கையெழுத்துப் போட்டால் கருவி கண் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும்.

“கடைசித் தடவை. உக்காரும்மா.”

அவள் ஒவ்வொரு கண்ணாக வைத்துப் பார்த்து அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது.

“பாத்தியா? ஒண்ணுகூட விடல!”

“நானும் பாக்கறேன் மாப்ள. பச்சை எரிஞ்சா எனக்கு இன்னொரு பொண்ணு பாரு,” என்று தம்பி குனிந்தார். சிரித்தபடியே நிமிர்ந்தார். “என்னடா, உள்ள கும்மிருட்டா இருக்கு?”

மகன் குனிந்து பார்த்தான். உள்ளே திரையை மறைக்கும் தூசுத்தகடு மூடியிருந்தது. பெட்டியில் கட்டுவதற்காக இரவு அவனே தள்ளி மூடிவிட்டு மறந்திருந்தான்.

அம்மா பொத்தானை மேஜையில் வைத்தாள், திருடியதைத் திருப்பி வைப்பதுபோல.

“அம்மா... எப்படி அமுக்கின?”

“கோடு வளையறதுக்கு முன்னால ‘டிக்’னு சத்தம் வருதுப்பா. ரொம்பச் சின்னதா. அதக் கேட்டுத்தான்...”

“ஏம்மா சொல்லல?”

“சொன்னேனே. முதல் நாளே தெரியலன்னேன். ‘ஒழுங்கா பாரு, ஆபீஸ்ல என் மானத்த வாங்காத’ன்னு கத்தினே. உனக்குக் கெட்ட பேரு வரக் கூடாதேன்னு...”

அவன் உட்கார்ந்துவிட்டான். நடுப்பார்வை போனால் திரும்பாது, சீக்கிரம் கண்டுபிடித்தால் மிச்சத்தையாவது காப்பாற்றலாம். இதைப் படம் போட்டு எத்தனையோ கூட்டங்களில் சொன்னவன் அவன்தான்.

மருமகள் எழுந்து வந்து எதிரில் நின்றாள். “அத்தை... என்னப் பாருங்க.”

“உன் காதைப் பாத்தாத்தாம்மா உன் மூஞ்சி தெரியுது.”

அவள் மாமியாரின் கைகளைப் பிடித்துத் தன் கன்னங்களில் வைத்துக்கொண்டாள். “ஒரு அறை விடுங்க அத்தை! நான் பேசின பேச்சுக்கு...”

“போ, சட்டைய ஊற வை. கறை பிடிச்சிடும்.”

மருமகள் நகரவில்லை. மாமியாரைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

“கையெழுத்துப் போட மாட்டேம்மா,” என்றான் மகன். “ஆனா என்னன்னு போய்ச் சொல்றது? கண்ணு தெரியாத அம்மாவ நல்ல கண்ணுன்னு காட்டிட்டேன்னா? எல்லாரும் காறித் துப்புவாங்க...”

“துப்பட்டும். உங்கம்மா ஏமாத்தினான்னும் சேத்துச் சொல்லு.”

“நீ எங்க ஏமாத்தின, அம்மா!”

“ஏமாத்தினேன். உனக்காகத்தான்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். இந்தப் பொட்டி வெளிய போயிருந்தா, எவளோ ஒருத்தி காதால பாத்துட்டுக் கண்ணு நல்லா இருக்குன்னு வீட்டுக்குப் போயிருப்பா. அத நினைச்சாத்தான் கூசுது.”

“உன்ன ஆஸ்பத்திரிக்கு...”

“உன் பொண்டாட்டி கூட்டிட்டுப் போவா. நீ கிளம்பு.”

அவன் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். வாசலில் திரும்பினான். பின்னாலேயே வந்த அம்மாவுக்கு அவன் முகம் தெரியவில்லை. காதோரம் பார்த்து அவள் அதைத் தேடவும் இல்லை. கதவைச் சாத்தினாள்.

“நான் பூட்டறேன் அக்கா,” என்று தம்பி எழுந்தார். வேண்டாம் என்று கைகாட்டினாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. அவன் அங்கேயே நிற்கிறான். போக மனசில்லாமல் எந்த நேரமும் கதவைத் தட்டுவான்.

தாழ்ப்பாளைத் தடவிப் பிடித்துப் போட்டாள். சாவியையும் திருப்பினாள்.