சவுண்டு வந்துடுச்சு

முகூர்த்த வீடியோவில் நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். ஹெட்போனில் ஒன்றுமே கேட்கவில்லை.

ஹேமாவதி பதறவில்லை. வைரஸ் புகுந்த பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றி, அதில் எடிட்டிங் சாஃப்ட்வேரை நிறுவப்போக, அந்த லைப்ரரி இல்லை, இந்த டிரைவர் சேரவில்லை என்று காலையிலிருந்து திரை முரண்டு பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் தீர்த்து, மூன்று மணிக்குத்தான் அது திறந்திருந்தது. லினக்ஸில் இந்த சாஃப்ட்வேர் கேமராவின் ஒலியைப் படிக்காது, ஒலியை மட்டும் வேறு வடிவத்துக்கு மாற்றித் தரவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கட்டளையைத் தட்டினாள்.

வெளியே மழை. ஸ்டுடியோ முதலாளி எத்திராஜ், "தனியா கீற, நான் பூட்டினு போறேம்மா" என்று ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டில் ஒரு விசேஷத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மண்ணூர்பேட்டையின் லேத் பட்டறைகள் அத்தனையும் மூடிக்கிடந்தன. ஜன்னலே இல்லாத அந்த அறையில் ஈரச் சிமெண்டின் வாடையும் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும் ஒன்றாகக் கலந்து, மூச்சை இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் ஒட்டின.

மாற்றிய ஒலி டைம்லைனில் வந்து உட்கார்ந்தது. அதன் அலைக்கோடு சரியில்லை. மேளமும் நாதஸ்வரமும் இருந்தால் பட்டையாகத் தடித்திருக்க வேண்டும். இதுவோ நூல்போலக் கிடந்தது. பதினோராவது நிமிடத்தில் மட்டும் ஒரே ஒரு முள், உச்சிவரை. அதற்குப் பிறகு மறுபடியும் நூல்.

ஓடவிட்டாள்.

ஃபேன் சுற்றும் சத்தம். தகரக்கூரையில் மழை. இரண்டு நிமிடம் அதுவேதான். பிறகு அவளுடைய போனின் ரிங்டோன் கேட்டது. குனிந்து பார்த்தாள். மேசைமேல் போன் சும்மா இருந்தது.

ஹெட்போனுக்குள் அவளுடைய குரலே பேசியது. "ஏறிடுச்சுண்ணா. சவுண்டு மட்டும்தான் வரல."

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். மழை. ஃபேன். அப்போது போன் அடித்தது.

"இன்னா ஹேமா, சாஃப்ட்வேர் ஏறிச்சா?" எத்திராஜ்.

"ஏறிடுச்சுண்ணா. சவுண்டு மட்டும்தான்..." என்றவள் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் 'வரல' என்ற சொல் தானாக வெளியே விழுந்துவிட்டது. "அண்ணா, வந்து ஷட்டரத் தொறங்கண்ணா. உடனே."

"ஏரி ரோடு ஃபுல்லா தண்ணிம்மா, மாட்டிகினு கீறேன். ஒரு மணி நேரம் ஆவும். இன்னா, பயந்துக்கினியா?" சிரித்துவிட்டு வைத்தார்.

ஐந்தாறு நிமிடம் ஷட்டரை இரண்டு கையாலும் ஓயாமல் அறைந்தாள். "யாராவது இருக்கீங்களா?" மழை அதை விழுங்கியது. மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து சன்னமாக, ஷட்டரை அறையும் அதே சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் கையை நிறுத்தினாள். ஹெட்போனில் அது அதற்கு முன்பே நின்றிருந்தது.

திரையில், ஒலி ஓடும் இடத்தைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்பதாவது நிமிடத்தைத் தாண்டி நகர்ந்தது. அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நின்றது. அந்த முள் என்னவென்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதைக் கேட்க மனம் வரவில்லை. கோட்டைப் பிடித்து இழுத்து, முள்ளைத் தாண்டி, கடைசிப் பகுதியில் விட்டாள்.

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்தாள்.

ஷட்டர் கடகடவென்று மேலேறும் சத்தம். எத்திராஜ். "இன்னாம்மா, ரொம்ப நேரம் ஆயிட்ச்சா? கெளம்பலாமா?"

"போலாம்ணா. சவுண்டு வந்துடுச்சு."

அவளுடைய குரல்தான். பயமே இல்லாத குரல். செருப்புச் சத்தம் இரண்டு பேருடையது. ஷட்டர் இறங்கியது. பூட்டு. பைக் கிளம்பும் சத்தம் தூரத்தில் தேய்ந்தது.

அப்பாடா என்று நினைத்தாள். வெளியே போய்விடுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் ஒலி முடியவில்லை.

யாருமில்லாத அந்த அறையில், ஷட்டரின் உட்பக்கத்தில், நகங்கள். தகரத்தைக் கீறும் நகங்கள். பிறகு, வாயைப் பொத்தியதுபோல, ஒரு முனகல்.

"அண்ணா. நான் இங்க இருக்கேன்ணா."

ஹேமாவதி அசையவில்லை. கத்தக் கூடாது. துப்பட்டாவைச் சுருட்டி வாயில் திணித்தாள். கத்தாவிட்டால் அந்த முள் வராது. வரவே கூடாது.

யாரும் தொடாமல் சிவப்புக் கோடு பின்னால் போனது. முள்ளுக்குச் சற்று முன்னால் நின்றது. ஓடத் தொடங்கியது.

ஃபேன். மழை.

காதுக்குப் பின்னால், மூச்சு.

திரையின் கறுத்த ஓரத்தில் அவளுடைய முகம் தெரிந்தது. அவள் தோளுக்கு மேலே இன்னொரு முகம். அதே பொட்டு. அதே துப்பட்டா, ஆனால் கழுத்தில் ஒழுங்காகச் சுற்றியது. அது திரையைப் பார்க்கவில்லை. ஹேமாவதியின் உதடுகளையே உற்றுப் பார்த்து, குரலில்லாமல், 'போலாம்ணா' என்று மெல்ல மெல்ல வாயசைத்துப் பழகிக்கொண்டிருந்தது.