பெட்டிக்குள் டொக் டொக்

ஆறாம் வகுப்பில் அவளை எல்லோரும் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளி வீடியோ குழுவின் தலைவி அவள். கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும்.

அன்று காலை அவளுடைய இரண்டு காதும் தக்காளிப் பழமாகியிருந்தன.

கேமராவின் சின்னத் திரையில் ஓரமாக ஒரு விரிசல். வீடியோ டீச்சர் அதை வகுப்பு முழுவதும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார்.

"நேத்து கேமராப் பெட்டியைப் பூட்டினது யாரு?"

"நான்தான் டீச்சர். ஆனா..."

"ஆனாவும் கிடையாது, ஆவன்னாவும் கிடையாது! கொஞ்சமும் பொறுப்பில்லை. நாளைக்கு நாடகத்தை நீ படம் பிடிக்க வேண்டாம். இந்தப் பெட்டியையும் இனிமே தொடாதே."

நாற்பது பேரும் அவளையே பார்த்தார்கள். அந்த நாடகத்தைப் படம் பிடிக்க ஒரு மாதமாக அவள் ஒத்திகை பார்த்திருந்தாள். அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

இடைவேளை மணி அடித்ததும் வராந்தாவில் தன் வகுப்பு நெட்டையை மடக்கினாள். காலையில் மாடியிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்தவன் அவன்தான்.

"நீதானே கீழே போட்டே? உன்னாலதான் எனக்குத் திட்டு!"

போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நெட்டை சாதாரணமாக வாயே திறக்க மாட்டான். இன்று அவனுக்கும் சுள்ளென்று ஏறிவிட்டது.

"நான் ஒண்ணும் போடலை! தூங்குற குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வந்தேன். ஒவ்வொரு படிக்கும் உள்ளே ஏதோ டொக் டொக்குன்னு இடிச்சுது. திறந்து பார்க்க என்கிட்ட சாவியா இருந்துச்சு? என்ன ஏதுன்னு கேட்காமலே கத்துறே. டீச்சரும் நீயும் ஒண்ணுதான்!"

கடைசி வார்த்தை அவளைச் சுருக்கென்று குத்தியது.

"டொக் டொக்குன்னா... எது இடிச்சுது?" என்றாள், குரலை இறக்கி.

இருவரும் டீச்சரிடம் போனார்கள். "டீச்சர், பெட்டியை நான் தொட மாட்டேன். நெட்டை திறக்கட்டும். நான் பார்க்க மட்டும் செய்யலாமா?"

நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் நிமிராமலே சாவியை நீட்டினார்.

பட்டாசு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நெட்டை மூடியைத் திறந்தான். உள்ளே வயர்கள் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி கிடந்தன. நடுவில் கேமராவின் அடாப்டர், செங்கல் கனத்தில், இஷ்டத்துக்கு உருண்டது. அதன் மூலையை நெட்டை விரிசலின் மேல் வைத்துப் பார்த்தான். கச்சிதமாகப் பொருந்தியது!

"நீயும் உடைக்கலை, நானும் உடைக்கலை. இந்தக் குண்டன்தான் உடைச்சிருக்கான்!" பட்டாசுக்கு மூச்சு வாங்கியது. "நேத்து இவனை ஓரமாத்தான் வச்சேன். பிடிச்சு வைக்கத்தான் ஒரு பட்டைகூட இல்லை."

கேமராவுக்கு, மைக்குக்கு, விளக்குக்கு என்று மூன்று அடாப்டர்கள். மூன்றும் ஒரே கறுப்பு. சரியானதைத் தேடி ஒவ்வொரு வகுப்பும் எல்லாவற்றையும் வெளியே இழுக்கும். பிறகு அள்ளி உள்ளே திணிக்கும்.

"நாளைக்கும் இப்படித்தான் நடக்கும். விடக் கூடாது!" என்றாள்.

கைவேலை அலமாரியிலிருந்து வெள்ளைத் துணி டேப்பும் பழைய ஸ்பாஞ்சும் கேட்டு வாங்கினார்கள். கிழிந்த பையிலிருந்து ஒட்டிப் பிரிக்கும் பட்டைகளை வெட்டி எடுத்தார்கள். பட்டாசு உத்தரவு போட, நெட்டை வேலை செய்தான்.

"வயரோட ஒரு முனையில பேர் ஒட்டினா போதாதா?"

"அந்த முனை மேசைக்கு அடியில போயிட்டா? ரெண்டு முனையிலயும் ஒட்டு. அய்யோ, என்னடா எழுதியிருக்கே? 'விலக்கு'ன்னு! விலக்கி வச்சது என்னைத்தான், வயரை இல்லை. பெரிய ள போடு!"

ஸ்பாஞ்சில் குழி வெட்டி, ஒவ்வொரு அடாப்டரையும் உட்கார வைத்து, மேலே பட்டையால் இறுக்கினான்.

டீச்சர் எழுந்து வந்தார்.

"குலுக்கிப் பாருங்க டீச்சர்," என்றாள் பட்டாசு.

டீச்சர் குலுக்கினார். சத்தமே இல்லை. விரிசலையும் அடாப்டர் மூலையையும் நெட்டை காட்டினான். டீச்சரின் முகம் மாறியது.

"நான்தான் கவனிச்சிருக்கணும். உன்மேல தப்பில்லைம்மா. நாளைக்கு நீயே படம் பிடி."

"சரி டீச்சர். ஆனா..."

"சொல்லு," என்றார் டீச்சர்.

"திட்டினது நாற்பது பேர் முன்னாடி. தப்பில்லைன்னு என்கிட்ட மட்டும் சொல்றீங்களே!"

நெட்டையின் கையிலிருந்த டேப் உருண்டு ஓடியது. டீச்சர் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

"நியாயம்தான்," என்றார்.

மதியம் வகுப்பு முன்னால் நின்று, தான் அவசரப்பட்டுத் திட்டிவிட்டதாக டீச்சர் சொன்னார். பட்டாசின் காது அப்போதுதான் பழைய நிறத்துக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள். நெட்டை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி அடித்ததும் அவள் வராந்தாவுக்கு ஓடி, நடுவில் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க! நெட்டை பெட்டியைக் கீழே போடலை! நான்தான் தெரியாம அவன்கிட்ட கத்திட்டேன்!"

பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட எட்டிப் பார்த்தார்கள். நெட்டை இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"மன்னிப்பையுமா இப்படிக் கத்திக் கேட்பே?"

மறுநாள் வயர்களை எல்லாம் மாட்டி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நெட்டை விளக்கைப் பிடித்தான், பட்டாசு கேமராவின் பின்னால் நின்றாள், மேடையில் திரை மேலே ஏறியது.